கேம்ப்புக்கு கரண்ட்: காயலாங்கடை ஜெனரேட்டரா, பேட்டரிப் பெட்டியா?

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், நீலப் படுதா போர்த்திக்கொண்டு ஒரு உருப்படி உட்கார்ந்திருக்கிறது. படுதாவைத் தூக்கினால் தண்ணீர் பம்பிலிருந்து கழற்றிய 5.5 குதிரைசக்தி பெட்ரோல் இன்ஜின், பக்கத்தில் பழைய மாருதி 800 காரின் ஆல்டர்நேட்டர் (காரில் பேட்டரியை சார்ஜ் பண்ணுமே, அது), இரண்டுக்கும் நடுவே ஒரு பெல்ட், எல்லாவற்றையும் தாங்க ஒரு இரும்பு ஆங்கிள் ஃபிரேம். வீட்டில் இதற்குப் பெயர் 'உங்க டிராக்டர்'. கேம்ப் போகும்போது லைட்டும் ஃபேனும் ஓட்டலாம் என்றுதான் கட்டினேன். கட்டி ஆறு வருடம் ஆகிறது, கேம்ப்புக்கு அது வந்தது இரண்டே முறை.

டிசம்பர் நெருங்கினால் யாராவது ஒருத்தர் போன் போட்டு, அதே மாதிரி ஒன்று கட்டணும், எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுகிறார்கள். ஆகும் செலவைச் சொல்வது சுலபம். கட்டலாமா என்று கேட்டால்தான் எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், ஏனென்றால் அதற்குப் பதில் நீங்கள் எங்கே போகிறீர்கள், எத்தனை ராத்திரி தங்குகிறீர்கள், கார் கூடவே வருமா என்பதைப் பொறுத்தது. நான் அந்தக் கேள்விகளை என்னையே கேட்டுக்கொள்ளாமல் நேரே பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்கு பஸ் ஏறியவன்.

அதனால் முதலில் கணக்கு. நாலு பேர், ரெண்டு ராத்திரி, ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ தெரிந்தவர் தோப்பில் டெண்ட் என்று வைத்துக்கொள்வோம். 20 வாட் டி.சி. ஃபேன் இரண்டு, ராத்திரிக்கு 8 மணி நேரம்: ரெண்டு நாளைக்கு 640 வாட்-மணி. 5 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, 5 மணி நேரம்: 150. நாலு போன், ஒரு முறை சார்ஜ் போட 15 வீதம் தினமும்: 120. கேமரா, ஸ்பீக்கர் என்று ஒரு 60. எல்லாம் கூட்டினால் 970, அதாவது ஒரு யூனிட்டுக்கும் கொஞ்சம் கீழே. வீட்டில் ஒன்றரை டன் ஏ.சி. முக்கால் மணி நேரத்தில் சாப்பிடுகிற கரண்ட் அவ்வளவுதான். இந்த ஒரு யூனிட்டைச் சுமந்துகொண்டு போவதா, போன இடத்தில் செய்துகொள்வதா என்பதுதான் விஷயம். நான் இந்தக் கணக்கைப் போட்டது ஜெனரேட்டர் கட்டி முடித்து எட்டு மாதம் கழித்து.

சரி, கட்டிய கதைக்கு வருவோம், இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

புதுப்பேட்டையில் நான் முதலில் தேடியது பைக் இன்ஜின். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், ஸ்பேர் பற்றிக் கவலை இல்லை. கடைக்கார பாய் ஒருத்தர்தான் தடுத்தார். "பைக் இன்ஜினுக்குக் காத்து வேணும் சார். நிக்க வெச்சு ஓட்டினா அரை மணி நேரத்துல புடிச்சுக்கும்" என்றார். அவர் சொன்னது நியாயம். பைக் இன்ஜினின் துடுப்புகள் ஓடுகிற காற்றில் குளிர்வதற்காக வார்த்தவை, நின்ற இடத்தில் ஓடினால் சூடு வெளியே போக வழியில்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் பைக் இன்ஜினில் கிடையாது. வண்டியில் கவர்னர் நாம்தான்: மேடு வந்தால் முறுக்குகிறோம், இறக்கம் வந்தால் விடுகிறோம். ஜெனரேட்டரில் லோடு ஏறும்போது ஆக்சிலரேட்டர் தானாகக் கூட வேண்டும், லோடு விழுந்தால் தானாகக் குறைய வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி நிரம்ப நிரம்ப இன்ஜின் கத்திக்கொண்டே வேகமெடுக்கும். ஸ்கூட்டர் இன்ஜினில் குளிர்விக்கும் ஃபேன் உண்டு, கவர்னர் கிடையாது. தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெஷினில் வருகிற குட்டி இன்ஜினும் அப்படியே. பம்ப் இன்ஜினில் மட்டும்தான் ரெண்டும் இருக்கிறது, ஏனென்றால் அது வயலில் ஆள் இல்லாமல் மணிக்கணக்காக ஓடுவதற்கென்றே செய்தது. அதனால் பம்ப் இன்ஜின் எடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆல்டர்நேட்டர் ஏன், நேரே 230 வோல்ட் தரும் ஜெனரேட்டர் ஹெட் வைத்துக் கட்டக்கூடாதா என்று கேட்பார்கள். கட்டலாம், ஆனால் ரெண்டு துருவ ஹெட்டுக்கு 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று அசையாமல் நிற்க வேண்டும், வேகம் கொஞ்சம் ஆடினாலும் வோல்ட்டேஜ் சேர்ந்து ஆடும். கார் ஆல்டர்நேட்டரில் அந்தத் தலைவலி இல்லை. அதற்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கிறது. இன்ஜின் ஏறினாலும் இறங்கினாலும் 14 வோல்ட்டைச் சுற்றியே கொடுக்கும், பேட்டரியை நிரப்பும், பேட்டரியிலிருந்து நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டலாம் என்பதே பெரிய லாபம்.

ஆல்டர்நேட்டர் சார்ஜ் பண்ணவே அதன் தண்டு 1500 சுற்றுக்கு மேல் போக வேண்டும், முழு ஆம்பியர் 5000, 6000 சுற்றில்தான் வரும். அதனால் இன்ஜின் பக்கம் பெரிய புல்லி, ஆல்டர்நேட்டர் பக்கம் சின்னது. எனக்கு ரெண்டுக்கு ஒன்று. இன்ஜின் 2200-இல் நிதானமாக ஓடும்போது ஆல்டர்நேட்டர் 4400-இல் சுற்றுகிறது, எனக்கு வேண்டிய 20 ஆம்பியருக்கு அதுவே தாராளம். பெல்ட் வாங்க பாரிஸ் கார்னர் பக்கம் போகும்போது ரெண்டு புல்லியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பள்ளத்தில் பெல்ட் சரியாக உட்காருகிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். நான் அளவை மட்டும் எழுதிக்கொண்டு போய் மூன்று தடவை அலைந்தேன்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, சுற்றும் திசை. பம்ப் இன்ஜினின் தண்டை நேருக்கு நேர் நின்று பார்த்தால் அது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். நம் ஊர்க் கார்களின் ஆல்டர்நேட்டர் பெரும்பாலும் கடிகாரத் திசைக்காரன். ரெண்டு புல்லியும் ஒரே பக்கம் பார்க்கும்படி பொருத்தினால் ஆல்டர்நேட்டர் தலைகீழாகச் சுற்றும். கரண்ட் வரும், அதில் குறை இல்லை. ஆனால் அதன் ஃபேன் இறக்கைகள் வளைந்தவையாக இருந்தால் காற்று சரியாக இழுக்காது, சூடேறும். புல்லி நட்டும் மெல்ல மெல்லக் கழன்று வர வாய்ப்பு உண்டு. எனக்குக் கழன்றது. அப்புறம் ஆல்டர்நேட்டரைத் திருப்பி எதிர்முகமாக வைத்து ஃபிரேமை மறுபடி வெல்டிங் பண்ணினோம். ஃபிரேம் ஒரு அடி நீளம் கூடிவிட்டது, கூடவே எடையும்.

அடுத்தது அந்தச் சின்ன பல்பு. கார் டாஷ்போர்டில் சாவி போட்டதும் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியுமே, அதன் வேலை நமக்கு எச்சரிக்கை கொடுப்பது மட்டும் இல்லை. அந்த பல்பு வழியாகப் போகிற கொஞ்சூண்டு கரண்ட்தான் ஆல்டர்நேட்டரின் உள்சுருளை எழுப்பிவிடுகிறது. அது இல்லாமல் ஒயரைக் கொடுத்தால் இன்ஜின் சும்மா ஓடும், ஆல்டர்நேட்டர் சும்மா சுற்றும், மல்டிமீட்டர் 12.3-ஐத் தாண்டாது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த 12.3-ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு ஸ்விட்ச், ஒரு இண்டிகேட்டர் பல்பு வாங்கி வந்து எல் என்று எழுதிய முனையில் கொடுத்து, கயிற்றை இழுத்தேன். பல்பு மினுக்கென்று எரிந்தது, வேகம் ஏற ஏற மங்கியது, அணைந்தது. அணைந்த அதே நொடியில் இன்ஜின் குரல் ஒரு கட்டை இறங்கியது, மாட்டு வண்டியில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. மீட்டரில் 14.1. அந்தச் சத்தத்துக்காகவாவது ஒரு முறை கட்டிப் பார்க்கலாம் என்று இப்போதும் சொல்வேன்.

அந்தச் சந்தோஷத்தில் மறுவாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பேட்டரி இல்லாமல் தானாகக் கரண்ட் தருகிறதா பார்ப்போம் என்று, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி கிளாம்பைக் கழற்றினேன். பழைய கார் மெக்கானிக்குகள் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். மாட்டியிருந்த எல்.இ.டி. பட்டை பளீரென்று வெடித்துச் செத்தது, ஆல்டர்நேட்டரில் டயோடும் ரெகுலேட்டரும் போயின. அதுவரை கரண்டை உறிஞ்சிக்கொண்டிருந்த பேட்டரி திடீரென்று விலகினால் வோல்ட்டேஜ் எகிறிவிடும், ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பேட்டரி லைனில் ஃபியூஸ் போடுங்கள், கிளாம்பை நன்றாக முறுக்குங்கள், ஓடும்போது தொடாதீர்கள்.

நான் கொடுத்த விலை: பழைய இன்ஜின் 6500, ஆல்டர்நேட்டர் 2000, புல்லி பெல்ட் 900, ஆங்கிளும் வெல்டிங்கும் 1800 (ரெண்டு முறை வெல்டிங் பண்ணியது உட்பட), ஒயர் ஸ்விட்ச் சில்லறை 700. பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்தது என்று ஊரெல்லாம் சொன்னேன். டயோடு மாற்றியதையும், வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டதையும் சொல்லவில்லை.

அந்தப் பேட்டரிதான் இந்த ஏற்பாட்டின் உண்மையான எல்லை. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியை ஆரோக்கியமாக சார்ஜ் பண்ண வேண்டுமென்றால் 10-லிருந்து 20 ஆம்பியர்தான் கொடுக்கலாம். ஆல்டர்நேட்டர் 40 கொடுக்கத் தயாராக இருந்தாலும் பேட்டரிக்கு அது நல்லதில்லை. 20 ஆம்பியர் என்றால் 280 வாட். நம் 970-ஐத் திரும்ப நிரப்ப மூன்றரை மணி நேரம், பேட்டரியில் வீணாவதைச் சேர்த்தால் நாலைத் தாண்டும். நாலு மணி நேரம் பம்ப் இன்ஜின் ஓடுகிற இடத்தில் யார் கேம்ப் போவார்கள்?

எரிபொருள் கணக்கு இன்னும் மோசம். ஒரு லிட்டர் பெட்ரோலில் எட்டு, ஒன்பது யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கிறது. 5.5 குதிரை இன்ஜினை அரை முக்கால் குதிரை வேலைக்கு ஓட்டினால் அதில் பத்தில் ஒரு பங்கு தண்டுக்கு வந்தால் பெரிது, அதில் பாதியை பெல்ட்டும் ஆல்டர்நேட்டரும் சூடாக்கியே தீர்த்துவிடும். என் மெஷின் மணிக்கு அரை லிட்டர் குடித்து 280 வாட் தருகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு யூனிட் கிட்டத்தட்ட 180 ரூபாய். நம் இ.பி. பில்லில் எந்த ஸ்லாபில் தேடினாலும் இந்தத் தொகை கிடைக்காது. சின்ன இன்ஜின் வைத்தால் குறையும். புல் வெட்டும் மெஷினில் வருகிற 35 சி.சி. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் மூன்று கிலோ சொச்சம்தான் எடை, 280 வாட்டுக்கு அது போதும். கவர்னர் இல்லாததைப் பொறுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளத் தயார் என்றால் அதைக் கட்டலாம், நான் மறுபடி கட்டினால் அதைத்தான் முயன்று பார்ப்பேன்.

இதில் பெட்ரோல் தங்காது என்பதும் ஒன்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனால் ஈரத்தை இழுக்கும், சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா. பழைய கார்புரேட்டரின் ரப்பர் ஓ-ரிங்குகளும் அதற்குத் தாங்குவதில்லை. வேலை முடிந்ததும் பெட்ரோல் வால்வை மூடி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், டாங்கைக் காலி பண்ணுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் கழலும்.

மலைக்குப் பெட்ரோல் கொண்டு போவது தனிக் கதை. கேன் என்றாலே பல பங்குகளில் கையை விரிக்கிறார்கள். 1934-ஆம் வருடத்துப் பெட்ரோலியம் சட்டத்தின்படி விற்பனைக்கு இல்லாத பட்சத்தில் 30 லிட்டர் வரை லைசென்ஸ் வேண்டாம், உலோகக் கேன் என்றால் 25 லிட்டருக்கு மிகாமல், கண்ணாடி என்றால் ஒரு லிட்டருக்கு மிகாமல். பிளாஸ்டிக் கேன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. வண்டி டிக்கியில் பிளாஸ்டிக் கேனில் பெட்ரோலை வைத்து, மேலே டெண்ட்டைப் போட்டு, மே மாத வெயிலில் வேலூர் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் இடம். காப்புக்காட்டுக்குள் இன்ஜினைக் கொண்டு போகும் யோசனையே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீக்குப் பிறகு காட்டுக்குள் போவதற்கே கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. சூடான சைலன்சர் காய்ந்த புல் மேல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. தனியார் தோப்பு, எஸ்டேட் என்றால் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு, மண்ணைச் சுத்தமாகக் கூட்டி வையுங்கள். டெண்ட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, காற்று டெண்ட் பக்கம் அடிக்காத திசையில். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது. மழை வருகிறதென்று இன்ஜினை டெண்ட்டின் முன் மறைப்புக்குள் இழுத்துக்கொள்வது, குளிர் என்று காருக்குள் படுத்துக்கொண்டு இன்ஜினை அதன் பின்னால் ஒட்டி வைப்பது, ரெண்டும் உயிரோடு விளையாடுவது. சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றவும் கூடாது.

கடையில் ரெடியாகக் கிடைக்கும் சின்ன ஜெனரேட்டர்? 950 என்று எண் போட்டு வருகிற ரெண்டு ஸ்ட்ரோக் சீன மாடலை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். 63 சி.சி., 650 வாட், இருபது கிலோவை ஒட்டிய எடை. நான் கட்டியதைவிட இலகு, 230 வோல்ட்டும் நேரே தரும். ஆனால் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், புகை வரும், சத்தம் பழைய ஆட்டோ மாதிரி, வோல்ட்டேஜ் லோடுக்குத் தகுந்த மாதிரி ஆடும். லேப்டாப்பை அதில் நேரே செருக எனக்கு மனம் வராது. பல்பும் சாதாரண ஃபேனும் போதும் என்கிற கல்யாண வீட்டுச் சமையல் கொட்டகைக்குச் சரி. காசு இருக்கிறவர்களுக்கு இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் இருக்கிறது. லோடுக்கேற்ப இன்ஜின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சுத்தமான சைன் அலை தரும், பக்கத்தில் நின்று பேசலாம். வாங்க முடிந்தால் வாங்குங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்கானது இல்லை.

இனி பேட்டரிப் பெட்டி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 1280 வாட்-மணி. எடை 10-லிருந்து 13 கிலோ. நம் 970 அதில் அடங்கிவிடுகிறது, இன்னும் மிச்சம். லெட் ஆசிட்டில் அதே 100 ஆம்பியர்-மணி என்றால் எடை இருபத்தைந்து கிலோவுக்கு மேல், ஆயுள் கெடாமல் இருக்கப் பாதிதான் எடுக்கலாம், 600 வாட்-மணி. இதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: பழைய பேட்டரி போதாததால்தான் ஜெனரேட்டர் தேவைப்பட்டது. பேட்டரியை மாற்றியிருந்தால் ஜெனரேட்டர் யோசனையே வந்திருக்காது.

நான் அசெம்பிள் பண்ணியே வாங்கினேன், 27,000 ஆனது. ரிச்சி தெருவில் தனித்தனி செல், செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். போர்டு வாங்கிக் கட்டுகிற நண்பர்கள் இருக்கிறார்கள், ஸ்பாட் வெல்டிங்கும் மல்டிமீட்டரும் கைக்குப் பழகியவர்கள் செய்யட்டும். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த செல்களில் கட்டி டெண்ட்டுக்குள் கொண்டு வருகிறேன் என்றால் நான் அந்த டெண்ட்டில் படுக்க மாட்டேன். அந்த செல்கள் வேறு வகை, கெட்டுப்போனால் நெருப்புப் பிடிக்கும் குணம் அதிகம். என் பெட்டி ஒரு பழைய தகர ட்ரங்கு: உள்ளே பேட்டரி, ஒரு ஃபியூஸ், நாலு யு.எஸ்.பி. போர்ட், ரெண்டு கார் சாக்கெட், ஒரு வோல்ட் மீட்டர். இன்வெர்ட்டர் போடவில்லை. ஃபேன், விளக்கு எல்லாம் 12 வோல்ட்டிலேயே கிடைக்கிறபோது 230-ஆக மாற்றித் திரும்ப இறக்குவது பத்துப் பதினைந்து சதவீதத்தைக் காற்றில் விடுவதுதான். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டு வைக்காதீர்கள். உறைபனியில் சார்ஜ் போடக்கூடாது என்றும் சொல்வார்கள், ஊட்டி போகாதவரை நமக்கு அந்தக் கவலை இல்லை.

இதற்குத் துணையாகத்தான் கார். இதை நான் லேட்டாகக் கண்டுபிடித்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது: காசு கொடுத்து ஆல்டர்நேட்டர் வாங்கி இன்ஜினோடு கட்டினேனே, அதே ஏற்பாடு, அதைவிட நன்றாகக் கட்டியது, என் காரின் பானட்டுக்குள் ஏற்கெனவே இருந்தது. 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்றை கார் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரும் ஃபியூஸும் போட்டு டிக்கிக்குக் கொண்டு வந்தால், சென்னையிலிருந்து ஏலகிரி போய்ச் சேரும் நாலு, நாலரை மணி நேரத்தில் 80 ஆம்பியர்-மணி ஏறிவிடும். பெரம்பூரில் காலி பெட்டியோடு கிளம்பினாலும் பதினாலு கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருக்கும். லித்தியம் பேட்டரியை நேரே கார் லைனில் மாட்டிவிடாதீர்கள், அது கிடைக்கிற ஆம்பியரை எல்லாம் இழுத்து ஆல்டர்நேட்டரைச் சுட்டுவிடும், அந்த சார்ஜர் கடிவாளம் மாதிரி. சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் இதற்கு ஆகாது, அதன் ஃபியூஸ் 10, 15 ஆம்பியர்தான். காரை நிறுத்தி வைத்து ஐட்லிங்கில் சார்ஜ் போடுவது அவசரத்துக்கு மட்டும்.

சோலார் பற்றிச் சுருக்கமாக. 100 வாட் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளில் 350-லிருந்து 400 வாட்-மணி தரும். டெண்ட்டை நிழலில் போடுவோம், பேனலை வெயிலில் போட வேண்டும், நடுவில் நீள ஒயர், வெயில் நகர நகரத் திருப்பி வைக்க ஒரு ஆள். மூன்று ராத்திரிக்கு மேல் ஒரே இடத்தில் என்றால் சத்தமில்லாத நல்ல துணை. கிளம்பிக்கொண்டே இருக்கிறவர்களுக்குச் சுமை.

அப்படியென்றால் டிராக்டரைக் காயலாங்கடையிலேயே திரும்பப் போட வேண்டியதுதானே என்று வீட்டில் கேட்டார்கள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா அடித்தபோது அது என்னிடம் இல்லை. எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை, இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே கையை விரித்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது இருந்தது. கீழே முழங்கால் தண்ணீர், வானம் மூடிக் கிடந்தது, சோலார் பேச்சுக்கே இடமில்லை, காரை எங்கேயும் ஓட்ட முடியாது. மொட்டைமாடியில் தகரம் சாய்த்து மழை படாமல் இன்ஜினைக் கிளப்பினேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பையன்தான் முதலில் வந்தான், "அங்கிள், இதையும் கொஞ்சம் போடுங்களேன்" என்று ரெண்டு போனை நீட்டிக்கொண்டு. அன்று சாயங்காலத்துக்குள் பழைய இட்லித் தட்டு ஒன்றில் இருபது போன், ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டிய பிளாஸ்திரி. இருபது போன் என்றால் 300 வாட்-மணி, இன்ஜினுக்கு ஒரு மணி நேர வேலை, அரை லிட்டர். யூனிட் 180 ரூபாய் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

தண்ணீர் மோட்டாரையும் ஓட்டலாமா என்று அன்று ஆறு பேர் கேட்டார்கள். முடியாது. அரை குதிரை மோட்டார் கிளம்பும்போது மட்டும் அதன் ஓட்டக் கரண்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும், அதற்கு ரெண்டு கே.வி.ஏ.வுக்கு மேல் சரியான ஜெனரேட்டர் வேண்டும், வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். எந்த ஜெனரேட்டராக இருந்தாலும் ஒயரை எடுத்து வீட்டு பிளக்கில் திருப்பிச் செருகும் வேலை மட்டும் வேண்டாம். அந்தக் கரண்ட் மீட்டர் தாண்டி லைனுக்குப் போய், கம்பத்தில் ஏறியிருக்கிற இ.பி.க்காரரைக் கொன்றுவிடும்.

ஆகவே என்னைக் கேட்டால்: ரெண்டு மூன்று ராத்திரி, கார் கூட வருகிறது என்றால் லித்தியம் பெட்டியும் கார் சார்ஜரும், வேறு யோசனை வேண்டாம். கையில் பதினைந்தாயிரம்தான் இருக்கிறது, வீட்டில் நல்ல நிலையில் இன்வெர்ட்டர் பேட்டரி கிடக்கிறது என்றால், விளக்குக்கும் போனுக்கும் மட்டும் அதைக் கொண்டு போங்கள், ஃபேனை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் கட்டுவது மழைக்காலத்துக்கு மொட்டைமாடி இருக்கிறவர்களுக்கும், கை துறுதுறுவென்று இருக்கிறவர்களுக்கும். ஃபிளாட்டில் பால்கனி மட்டும் உள்ளவர்கள் அந்தப் பக்கமே வராதீர்கள், புகை உள்ளேதான் வரும்.

கட்டுவதானால் புரட்டாசிக்குள் கட்டி முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை ஆரம்பித்த பிறகு வெல்டிங் கடையில் ஆள் பிடிப்பது கஷ்டம். என்னுடையதில் இந்த வருடம் பெல்ட் ஓரம் பிய்ந்திருக்கிறது, சனிக்கிழமை ரெண்டு புல்லியையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பாரிஸ் போகிறேன்.